புது கிண்டில் வாங்கணுமா, பழசே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். கூட்டம் ஒரு மணி நேரம். அது முடிந்து டீக்கடையில் ரசவடையும் சாயாவுமாக நிற்பது இரண்டு மணி நேரம். அங்கே புத்தகத்தைவிட, அமேசான் விற்கும் மின்னூல் கருவியான கிண்டிலைப் பற்றித்தான் பேச்சு நீளும். "எனக்கக் கிண்டில் பழசாயிட்டு, மாத்தணுமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே கேள்விகள், ஒரே பதில்கள். எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதைக் கையில் கொடுத்துவிட்டு வடையைச் சூடாகச் சாப்பிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வேலை திருவனந்தபுரத்தில். ரயிலில் போக ஒன்றரை, இரண்டு மணி நேரம். திரும்பி வரவும் அதே அளவு. உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கையில் கிண்டில் இருக்கும். 2019-இல் வந்த சாதா கிண்டிலை 7,999 ரூபாய்க்கு வாங்கி நான்கு வருடம் வைத்திருந்தேன். 2023-இல் அதை விட்டுவிட்டு, கிண்டிலிலேயே சாதாவுக்கு ஒரு படி மேலான ரகமான பேப்பர்ஒயிட்டுக்கு, அதில் 2021 மாடலுக்கு, மாறினேன். மாறியது சரிதானா என்று கேட்டால் பாதி சரி என்பேன். எந்தப் பாதி என்பது கீழே வரும்.

என்னிடம் இருப்பது எந்த மாடல் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

செட்டிங்ஸுக்குள் போனால் டிவைஸ் இன்ஃபோ என்று ஒன்று இருக்கும், அதில் பார்க்கலாம். அதைவிடச் சுருக்கமான வழி, சார்ஜ் போடும் ஓட்டையைப் பார்ப்பது. பழைய மைக்ரோ யுஎஸ்பி என்றால் 2019 அல்லது அதற்கு முந்தைய மாடல். இப்போதைய போன்களில் இருக்கும் டைப்-சி என்றால் 2021 பேப்பர்ஒயிட், 2022 சாதா கிண்டில், அல்லது அவற்றுக்குப் பிறகு வந்தது.

டைப்-சி வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கீழே இருப்பதெல்லாம் மற்றவர்களுக்கு.

பழையதற்கும் புதியதற்கும் என்னதான் வித்தியாசம்?

அடிப்படையில் ஒன்றுமில்லை. இ-இங்க் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் பாயும் திசையைப் பொறுத்து ஒன்று மேலே வரும், இன்னொன்று கீழே போகும். மேலே வந்தது வந்தபடி நிற்கும். அப்படி நிற்பதற்குக் கரண்டு தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் தேவை. 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலும் இப்படித்தான், இப்போது விற்பதும் இப்படித்தான்.

மாறியது சுற்றியுள்ள விஷயங்கள். திரைக்குள்ளேயே விளக்கு என்பது 2012 பேப்பர்ஒயிட்டில் வந்தது. சாதா கிண்டிலுக்கு அந்த விளக்கு கிடைக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேப்பர்ஒயிட்டின் கூர்மை 2015-இல் அங்குலத்துக்கு 300 பிக்சல் ஆனது. சாதா கிண்டில் 167-லேயே நின்று, 2022-இல்தான் 300-க்கு வந்தது. தண்ணீர் பட்டாலும் தாங்கும் பேப்பர்ஒயிட் 2018-இல். 2021-இல் அதன் திரை 6 அங்குலத்திலிருந்து 6.8 ஆனது, எல்இடி 5-லிருந்து 17 ஆனது, இரவில் மஞ்சளாக மாற்றிக்கொள்ளும் விளக்கும் வந்தது. 2024-இல் திரை 7 அங்குலம், பக்கம் திருப்புவது 25 சதவீதம் வேகம் என்கிறது நிறுவனம்.

அந்த 25 சதவீதத்தை மட்டும் மறந்துவிடுங்கள். ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் படிக்கிறவருக்கு, அது அரை நொடியில் திரும்பினால் என்ன, அதற்குள் திரும்பினால் என்ன.

சரி, தமிழ் படிக்கிறவர்களுக்கு இதில் எது உதவும்?

இரண்டு விஷயங்கள்: கூர்மை, அகலம். இணையத்தில் வரும் ரிவ்யூக்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கிறவர்கள் எழுதுபவை. அவர்களுக்குச் சின்னதாகப் படுவது நமக்குப் பெரிது.

முதலில் கூர்மை. நம் எழுத்தில் ஒரு புள்ளி இருந்தால் ஒரு சத்தம், இல்லாவிட்டால் வேறு சத்தம். சாதாரண அளவு எழுத்தில் அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 167 பிக்சல் திரையில் அதை வரைய மூன்று பிக்சல்தான் கிடைக்கும். 300-இல் ஆறு. மூன்று பிக்சலில் வரும் புள்ளி வட்டமாக இருக்காது. எழுத்தின் மேல் ஏதோ தூசி ஒட்டியதுபோல் இருக்கும். அப்புறம் ரகரமும் துணைக்காலும்: ர, ா. ஒன்றுக்குக் கீழே ஒரு சின்னச் சாய்வு, அவ்வளவுதான் வித்தியாசம். ண, ன சுழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பழைய கிண்டிலில் ஒருநாள் ரயில் இரணியல் தாண்டும்போது 'மன்னன்' என்று இருந்ததை 'மனனன்' என்று படித்துவிட்டு, இது என்ன பெயர் என்று அரைப் பக்கம் குழம்பினேன். கவிதை படிக்கும்போது இப்படி நடந்தால் கவிதையே போய்விடும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் இது சரியாகும்தான். ஆனால் அங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. தமிழில் சொற்கள் நீளம். 'சென்றுகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும். 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல், சில வரியில் இரண்டே சொல். இரு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்று கிண்டில் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி விடும். பக்கம் முழுக்க ஓட்டை விழுந்த வேலி மாதிரி இருக்கும். 2021 பேப்பர்ஒயிட்டின் அகலம் ஏறக்குறைய 10.5 சென்டிமீட்டர், 2024 மாடலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். வரிக்கு ஒரு சொல் கூடுகிறது, வேலி அடைபடுகிறது.

பழையதிலேயே இதற்கு ஒரு பாதி வைத்தியம் உண்டு. எழுத்து செட்டிங்ஸில் இடப்பக்கம் மட்டும் சீராக நிற்கும்படி மாற்றலாம். வலப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும், ஆனால் நடுவில் ஓட்டை இருக்காது. ஓரத்தில் விடும் வெள்ளை இடத்தையும் குறையுங்கள். பணம் செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் ஒரு வாரம் செய்து பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் இதைச் செய்துவிட்டுப் புதுக் கிண்டில் ஆசையையே விட்டுவிட்டார்கள்.

நான் மாறியதில் 'சரி' என்று சொன்ன பாதி இதுதான். 167-லிருந்து 300-க்குப் போனது, 6-லிருந்து 6.8-க்குப் போனது. மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் எனக்குக் குறை தெரிந்திருக்காது.

என் கிண்டிலில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. புதியது வாங்கினால் சரியாகிவிடுமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உடைவதில் இரண்டு வகை உண்டு.

'கொ' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கமும் ககரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றால், அது எழுத்துகளைக் கோத்துக் காட்டும் மென்பொருளின் கோளாறு. கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் முறையாக வந்தது 2016 டிசம்பரில். அதற்கு முந்தைய கருவி, அப்டேட் செய்யாமல் கிடக்கிறது என்றால் இப்படி நடக்கலாம். முதலில் அப்டேட் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வகை, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து வருவது. இது கோப்பின் கோளாறு. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன்னால் பாமினி, டேப், டிஸ்கி என்று ஆளுக்கு ஒரு முறையில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்து பிடிஎஃப்பை மாற்றிக் கிண்டிலில் போட்டால் குப்பைதான் வரும். ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவி வாங்கினாலும் அதே குப்பைதான். அதே நூலின் யூனிகோடு வடிவத்தைத் தேடுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இபப் (மின்னூலுக்கான பொதுவான கோப்பு வகை) வடிவம் கிடைக்கும். 6 அங்குலத் திரைக்கென்றே தனியாக அமைத்த பிடிஎஃப்பும் வைத்திருக்கிறார்கள். பழைய கிண்டில்காரர்களுக்கு அது பெரிய உபகாரம்.

நம் சொந்தக் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்ப அமேசான் தரும் வசதி 2022 முதல் இபப் கோப்பை நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. அதனால் "இபப் படிக்கணும், அதுக்குப் புதுக் கருவி வேணும்" என்பதும் இப்போது காரணமாகாது. கோப்பில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். அதைத் தொடங்கியவர் நம் நாட்டுக்காரர், கோவிட் கோயல், 2006-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நோய் வருவதற்கு முன்பே வைத்த பெயர்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள்? பிடிஎஃப் படிக்கத்தான் எனக்குப் புதியது வேண்டும்.

அப்படியானால் 7 அங்குலக் கிண்டில் வாங்கி ஏமாற வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் அரிய நூல்கள் பெரும்பாலும் பக்கத்தைப் படமெடுத்த பிடிஎஃப்கள். படத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. பக்கத்தைத்தான் பெரிதாக்க முடியும். பெரிதாக்கினால் வலமும் இடமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். நானும் ஒரு பழைய நிகண்டை அப்படி ஒரு வாரம் தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இதற்கு 10 அங்குலத் திரை வேண்டும். அந்த அளவு இ-ரீடரின் விலை வேறு உலகம். ஸ்கேன் மட்டும் படிக்கிறவருக்கு ஒரு சாதாரண டேப்லெட் போதும். இல்லாவிட்டால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பக்கத்தின் ஓரங்களை வெட்டி, வரிகளைச் சின்னத் திரைக்கு ஏற்றபடி மடக்கித் தரும். தெளிவான ஸ்கேனில் நன்றாக வேலை செய்யும். பழுப்பேறிய பக்கங்களில் சொதப்பும்.

பேட்டரி முன்போல நிற்கவில்லை. மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

முதலில், 'முன்போல' என்றால் எவ்வளவு? 2024 பேப்பர்ஒயிட் பெட்டியில் 12 வாரம் என்று இருக்கும். அது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கைப் பாதியில் வைத்துப் படிக்கிறவருக்கான கணக்கு. 84 நாள், நாளுக்கு அரை மணி: மொத்தம் 42 மணி நேரம். என்னைப்போல் தினம் மூன்று மணி நேரம் படித்தால் இரண்டு வாரம்தான். புதியதிலேயே! அதனால் உங்கள் பழையது பத்து நாள் நின்றால் அதற்கு நோய் ஒன்றுமில்லை, நீங்கள் நிறையப் படிக்கிறீர்கள்.

இரண்டு நாளில் தீர்ந்தால் கோளாறுதான். ஆனாலும் உடனே பேட்டரி மேல் பழி போடாதீர்கள். நிறையப் புத்தகங்களை ஒரேயடியாக ஏற்றியிருந்தால், தேடுவதற்கு வசதியாக எல்லாவற்றையும் உள்ளே அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். அப்போது சார்ஜ் மளமளவென்று இறங்கும். கெட்டுப்போன கோப்பு ஒன்று இருந்தால் அதிலேயே மாட்டிக்கொண்டு இரவு பகலாக முட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக ஏற்றியதை அழித்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, வைஃபையை அணைத்து மூன்று நாள் பாருங்கள்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் பேட்டரி மாற்றலாம். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கும்; கிண்டிலுக்கு மாதம் இரண்டு முறைதான் போடுகிறோம். அந்தக் கணக்கில் அது தேய்வதில்லை. வயசாலும் வெயிலாலும்தான் போகிறது. காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போவது, மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் போடுவது, இரண்டும்தான் எமன். செல்போன் சரிசெய்யும் கடைகளில் தெரிந்த ஆள் இருந்தால் மாற்றிக் கொடுப்பார். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்பக்கம் முழுக்கத் தட்டையாக ஒட்டியிருக்கும் மாடல்களைத் திறப்பது சிரமம், திறந்தபின் தண்ணீர் தாங்கும் என்ற நம்பிக்கையும் போய்விடும்.

திரையில் கீறல். இதற்கென்ன?

விரிசல் விட்டு, பாதித் திரையில் கோடுகள் உறைந்து நின்றால் கதை முடிந்தது. உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி. திரை மாற்றும் செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் கருவியே வாங்கலாம். மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

என் சொந்த அனுபவத்தில், கிண்டிலைக் கொல்வது தண்ணீரோ தரையோ இல்லை, டிபன் பாக்ஸ். ஒரே பையில் இரண்டையும் வைத்து, நெரிசலில் யாரோ பையை அமுக்கினால் முடிந்தது. கனமான கவர் போட்டு, முதுகுப் பக்கத்து அறையில் தனியாக வையுங்கள்.

செலவுக் கணக்கு எப்படிப் போடுவது?

7 அங்குலப் பேப்பர்ஒயிட் 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 16,999 ரூபாய். ஆறு வருடம் வைத்திருந்தால் மாதம் 236 ரூபாய். இப்படிச் சொன்னால் மலிவாகத் தெரியும். கடைக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே. மின்னூல் படிக்கும் வசதியை நீங்கள் புதிதாக வாங்கவில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் 17,000 கொடுத்து வாங்குகிறீர்கள். 2018 பேப்பர்ஒயிட்டிலிருந்து மாறுகிறவருக்கு அந்த வித்தியாசம் என்ன? கூர்மை அதே 300. தண்ணீரும் ஏற்கெனவே தாங்கும். கிடைப்பது ஒரு அங்குலம் பெரிய திரை, மஞ்சள் விளக்கு, டைப்-சி ஒயர். அதற்கு 17,000 நான் கொடுக்க மாட்டேன். 2019 சாதா கிண்டிலிலிருந்து மாறுகிறவருக்குக் கூர்மை, அகலம், தண்ணீர், மஞ்சள் விளக்கு நான்கும் கிடைக்கும். தினம் ஒரு மணி நேரமாவது தமிழ் படிக்கிறவராக இருந்தால் கொடுக்கலாம். விளக்கே இல்லாத பழைய சாதா கிண்டில் என்றால், இரவில் படிக்கும் பழக்கம் இருந்தால், நான் நேற்றே மாற்றியிருப்பேன். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. காற்று அடித்தால் கரண்டு போகும். டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எத்தனை நாள் படிப்பது?

இன்னொரு பக்கமும் பாருங்கள். அதே 17,000-க்கு, மாதம் 169 ரூபாய் கிண்டில் அன்லிமிடெட் சந்தா (அந்தத் திட்டத்தில் உள்ள மின்னூல்களை எடுத்துப் படிக்கலாம்) எட்டு வருடத்துக்கு மேல் கட்டலாம். அச்சுப் புத்தகம் சராசரியாக 350 ரூபாய் என்றால் 48 புத்தகம். கையில் இருக்கும் கிண்டிலில் படிக்காமல் கிடக்கும் புத்தகங்களை எண்ணிப் பாருங்கள். எனக்கு 61 வந்தது. நான் பேப்பர்ஒயிட் வாங்கிய அன்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. அந்தக் கணக்கை அப்போது போடவில்லை.

கலர் கிண்டில்?

வேண்டாம். தமிழில் கலரில் படிக்க வேண்டிய மின்னூல்கள் மிகக் குறைவு. இப்போதைய கலர் இ-இங்க் திரைகள் கறுப்பு வெள்ளையில் 300 பிக்சல் காட்டும், கலரில் 150-தான். மேலே ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் வெள்ளையும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அம்புலிமாமா படிக்க டேப்லெட் போதும்.

பழைய கிண்டிலைக் கம்பெனி கைவிட்டுவிட்டால்?

இது நியாயமான பயம். 2022-இல் மிகப் பழைய சில மாடல்களில் கருவியிலிருந்தே கடைக்குள் போய்ப் புத்தகம் வாங்கும் வசதியை நிறுத்தினார்கள். ஏற்றி வைத்த புத்தகங்களைப் படிக்க அது தடையாக இருக்கவில்லை. கடை தெரியாதது சிலருக்கு லாபம்கூட.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. 2025 பிப்ரவரி 26-இலிருந்து, வாங்கிய புத்தகத்தை அமேசான் தளத்திலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி ஒயர் மூலம் ஏற்றும் வசதியை எடுத்துவிட்டார்கள். வைஃபை கெட்டுப்போன பழைய கிண்டிலுக்கு அதுதான் உயிர்நாடியாக இருந்தது. உங்கள் கருவியில் வைஃபை வேலை செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை அதில் ஏற்ற நேர்வழி இல்லை. அப்போது மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சொந்த இபப் கோப்புகளை மட்டும் காலிபரில் மாற்றி ஒயர் வழியாக ஏற்றிப் படிக்கிறவருக்கு இந்தக் கவலை கிடையாது.

துபாயிலிருந்து மச்சான் வருகிறான். வாங்கிவரச் சொல்லலாமா?

நம் ஊரில் இது வராமல் கேள்வி பட்டியல் நிறையாது. சொல்லலாம். ஆனால் வாரண்டி இங்கே செல்லுமா என்று வாங்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் விற்கும் சில மாடல்கள், தூங்கும் திரையில் விளம்பரம் காட்டும். அதனால்தான் அவை விலை குறைவு. அதையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வாங்கியதும் உங்கள் இந்தியக் கணக்கில்தான் பதிய வேண்டும். மச்சான் ஆர்வத்தில் தன் கணக்கில் பதிந்து இரண்டு புத்தகமும் வாங்கிவிட்டால், அந்தப் புத்தகங்கள் அவருடையவை. கருவியை அவர் கணக்கிலிருந்து நீக்கினால் அவையும் போகும். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவும் நாட்டுக்கு நாடு தனி.

கிண்டிலுக்குப் போட்டியான கோபோ வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல கருவி, இபப்பை அப்படியே திறக்கும். 2024-இல் வந்த அதன் மாடல்களைப் பிரித்துச் சரிசெய்ய உதிரி பாகமும் வழிகாட்டியும் தருகிறார்கள், கிண்டில்காரனாக நான் பொறாமைப்படும் விஷயம் அது. ஆனால் கிண்டில் கடையில் இதுவரை நீங்கள் வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் அதில் திறக்காது. பத்து வருடம் வாங்கிச் சேர்த்தவருக்கு அது சின்ன விஷயமில்லை.

செகண்ட் ஹேண்ட்?

வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கணக்கிலிருந்து நீக்கி, நீங்கள் உங்கள் கணக்கில் பதிந்து, ஒரு இலவசப் புத்தகம் இறங்கிய பிறகுதான் பணம்.

என் மைனிக்கு ஒன்று வாங்கப் போய் நான் சூடு பட்டேன். வடசேரிப் பக்கம் ஒரு கடையில் பேப்பர்ஒயிட், பார்க்கப் புத்தம் புதியது, 4,500 ரூபாய். ஆன் ஆனது, விளக்கு எரிந்தது, சந்தோஷமாகக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் பதிய முயன்றால் பதியவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் தொலைந்துபோனதாகப் புகார் கொடுத்திருந்தாராம். திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர், "புத்தகம் எல்லாம் திறக்கே, பின்ன என்ன?" என்றார். திறந்தது. அதில் ஏற்கெனவே யாரோ ஏற்றி வைத்திருந்த நான்கு ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் மட்டும். மைனி இன்றும் கேக் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்து, "நாலாயிரத்து ஐநூறு ரூவா கேக்கு" என்று சொல்லித்தான் தருவார்.

முட்டத்திலும் குளச்சலிலும் கடற்காற்று. அதற்காகத் தண்ணீர் தாங்கும் மாடல் வேண்டுமா?

காற்றுக்காக வேண்டாம். தண்ணீர் தாங்கும் என்பதற்கு அவர்கள் சொல்லும் அளவு: நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம். கடல் தண்ணீர் என்றால் கால் மீட்டரில் மூன்றே நிமிடம். உப்புக்கு அவர்களும் அவ்வளவுதான் உத்தரவாதம் தருகிறார்கள். அலை தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு ஒயரைச் செருகினால்தான் ஆபத்து.

மழைக்காலத்தில் பைக்கில் போகிறவருக்கு ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். கவரோடு சேர்த்தே தொட்டுப் பக்கம் திருப்பலாம்.

போனிலேயே படித்தால் என்ன?

படிக்கலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வாட்ஸ்அப்புக்குப் போனீர்கள் என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதியது வாங்கினால் பழையதை என்ன செய்வது?

விற்றால் பெரிதாகக் கிடைக்காது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஒரே கணக்கில் இரண்டு கருவியையும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்கும் புத்தகம் அவர்களுக்கும் கிடைக்கும்.

என் பழைய சாதா கிண்டில் இப்போது குலசேகரத்தில் சித்தப்பாவிடம் இருக்கிறது. வயது 74, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவுக்குக் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் ஏழு வரி, வரிக்கு இரண்டு சொல். எனக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும். அவர் திண்ணையில் உட்கார்ந்து, ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே, நொடிக்கொரு முறை தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். புள்ளி தெரிகிறதா என்று கேட்டேன். "புள்ளி எனக்குத் தெரியும்லா, அது காட்டணுமா?" என்றார். அறுபது வருடம் செய்தித்தாள் படித்த கண். பாதி எழுத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. போன ஓணத்துக்குப் போனபோது என் பேப்பர்ஒயிட்டைக் கையில் கொடுத்தேன், மாற்றிக்கொள்ளட்டும் என்று. கொஞ்ச நேரம் பார்த்தார். கனமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் அடுத்து எப்போது மாற்றுவீர்கள்?

என்னுடையதில் டைப்-சி ஓட்டை லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது. ஒயரைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. இப்போதைக்குக் கீழே ஒரு தீப்பெட்டியை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். தீப்பெட்டி இரண்டாகும்வரை பார்க்கலாம்.